சீயக்காய், அரப்பு ஒத்துக்கலையா? எந்தக் கோளாறுக்கு எதை முதல்ல பாக்கணும்

எனக்குப் பொறந்த ஊரு பவானி, கல்யாணம் ஆகி வந்தது சென்னை வேளச்சேரி. வருஷத்துக்கு ரெண்டு தடவை, மாசிக் கடைசில ஒண்ணு ஆவணில ஒண்ணு, மொட்டை மாடில சீயக்காய் காயப்போட்டு அரைச்சு சொந்தக்காரங்களுக்கும் எங்க பிளாட்ல இருக்கறவங்களுக்கும் பிரிச்சுக் குடுப்பேன், ஊருல இருந்து அரப்புத்தூளும் வரும். குடுத்து ரெண்டு வாரம் ஆனா போன் வர ஆரம்பிச்சுடும். "அக்கா எண்ணெயே போகலை", "ஆன்ட்டி முடி தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு", "தலை சீவினா தூளு கொட்டுதுங்க". நிறைய பேரு ஒரே ஒரு தடவை தேச்சுப் பாத்துட்டு இது நமக்கு ஒத்துக்காதுன்னு டப்பாவை மூலைல வச்சுட்டு மறுபடி ஷாம்புக்கே போயிடறாங்க, அது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா பெரும்பாலும் கோளாறு சீயக்காய்ல இருக்காது, எண்ணெய் அளவுலயோ சல்லடைலயோ தண்ணிலயோதான் இருக்கும். இத்தனை வருஷமா போன்ல சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு வரிசை மனப்பாடம் ஆயிடுச்சு, அதை அப்படியே இங்க எழுதறேன். காசு செலவில்லாத செக்கிங் முதல்ல, செலவு வைக்கறது கடைசில. உங்க கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி, யாரு கேட்டாலும் நான் திருப்பிக் கேக்கற நாலு கேள்வி இருக்கு, இதுக்குப் பதில் ரெடியா வச்சுக்கங்க: என்ன எண்ணெய், எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊறுச்சு? தூள் எப்ப அரைச்சது? குளிக்கறது என்ன தண்ணி, மெட்ரோவா போரா லாரியா? கடைசி 3 மாசத்துல காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட், முடிக்கு ஸ்ட்ரெயிட்டனிங் ஏதாவது நடந்துச்சா?

எங்க வீட்டு அளவையும் சொல்லிடறேன், கீழ "தூள்"னு சொன்னா இதைத்தான் சொல்றேன். சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், கொட்டை எடுத்த பூந்திக்கொட்டை 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், காஞ்ச செம்பருத்திப் பூவும் ஆவாரம்பூவும் ரெண்டு கைப்பிடி. அரப்பு தனி, அது உசில மரத்து இலையைக் காயவச்சு இடிக்கறது, எங்க கொங்குப் பக்கம் எண்ணெய் தேச்சுக் குளிக்கறதுக்கு அதுதான், நுரை வராது, வழவழன்னு இருக்கும்.

1. எண்ணெய் போகலை, காஞ்சப்புறமும் பிசுபிசுன்னு நிக்குது

அதிகமா வர்ற போன் இதுதான்.

*எண்ணெய் எவ்வளவு வச்சீங்க?* தோள் வரைக்கும் இருக்கற முடிக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும், இடுப்பு வரைக்கும்னா 3. அரை டம்ளர் ஊத்திட்டு சீயக்காய் எடுக்கலைன்னு சொன்னா அது எப்படிங்க எடுக்கும். விளக்கெண்ணெய் மட்டும் வச்சிருந்தா இன்னும் கஷ்டம், அது கெட்டி எண்ணெய், ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூணு பங்கு தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ கலந்து வைங்க. அடுத்த தடவை எண்ணெயைப் பாதியாக்கிப் பாருங்க, சரியாயிடுச்சுன்னா வேற எதையும் மாத்த வேண்டாம்.

*எண்ணெய் கம்மிதான் வச்சேன், அப்பவும் போகலை.* அப்ப கரைச்ச விதத்தைப் பாக்கணும். தூளைத் தண்ணில கரைச்சு உடனே தேச்சா பாதி வேலைதான் செய்யும். சோறு வடிச்ச கஞ்சி வெதுவெதுன்னு இருக்கும்போது அதுல கரைச்சு கால் மணி நேரம் ஊற விடுங்க, தோசை மாவு பதம் வரணும். அதை விடத் தண்ணியா இருந்தா வழிஞ்சு கழுத்துக்குப் போயிடும், அதை விடக் கெட்டியா இருந்தா மேல் முடிலயே நின்னுடும், வேர்ல போயிச் சேராது. தேக்கறது ரெண்டு தடவை. முதல் தடவை எண்ணெயை எடுக்கறதுக்கு, அலசிட்டு ரெண்டாவது தடவை மண்டைத்தோலுக்கு. தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும், பச்சைத்தண்ணில எண்ணெய் நகராது, கொதிக்கக் கொதிக்க ஊத்தினா தோலு காஞ்சு போயிடும்.

*பதமும் சரி, தண்ணியும் சரி.* தூளை டெஸ்ட் பண்ணுங்க. ஒரு சின்ன பாட்டில்ல பாதி வெந்நீர், ஒரு ஸ்பூன் தூள், மூடி ஒரு நிமிஷம் நல்லா குலுக்குங்க. மேல நுரை கட்டி ரெண்டு நிமிஷமாவது நிக்கணும். நுரையே இல்லைன்னா தூளு பழசு, இல்லன்னா சீயக்காய் கம்மியா மத்தது ஜாஸ்தியா இருக்கு. அரப்புக்கு இந்த டெஸ்ட் ஆகாது, அதை ஈரமாக்கி விரல்ல தேச்சு வழவழப்பு வருதான்னு பாருங்க. பழைய தூளைத் தூக்கிப் போட வேண்டாம், 5 பூந்திக்கொட்டையைக் கொட்டை எடுத்து ராத்திரி ஊறவச்சு பிசைஞ்சு அந்தத் தண்ணில கரைச்சா ஓரளவு வேலை செய்யும்.

*புதுத்தூள் போட்டும் மெழுகு தடவின மாதிரியே இருக்கு.* நீங்க இத்தனை நாள் சீரம், சிலிகோன் இருக்கற கண்டிஷனர் போட்டுட்டு இருந்தீங்கன்னா அந்தப் படிவு முடி மேல நிக்கும், சீயக்காய் அதை எடுக்காது. ஒரே ஒரு தடவை சாதாரண ஷாம்பு போட்டு நல்லா அலசிட்டு அப்புறம் சீயக்காய்க்கு வாங்க. இதுல தப்பே இல்ல.

*டாக்டர் எப்ப:* எண்ணெயே வைக்கலை, குளிச்ச மறுநாளே தலை எண்ணெய் வழியுது, கூடவே முகத்துல பரு, மாசாமாசம் தேதி தள்ளிப் போகுதுன்னா, தூளை மாத்திட்டு இருக்காம லேடி டாக்டரைப் பாருங்க. அது ஹார்மோன் சமாச்சாரமா இருக்கலாம்.

2. தலைல தூள் ஒட்டிக்கிட்டு சீவும்போது கொட்டுது

இதுக்கு ஒரே மருந்து சல்லடை. எங்க அத்தை சலிக்கறதைப் பாத்தாதான் எனக்கு இது புரிஞ்சுது. மில்லுல ரெண்டு ஓட்டு ஓட்டி வாங்கிட்டு வந்த தூளை, சூடு ஆறின பிறகு, பழைய நைஞ்ச வேட்டித் துணியை ஒரு குண்டான் வாய்ல இழுத்துக் கட்டி அது மேல ஒரு கைப்பிடி போட்டு உள்ளங்கையால மெதுவா வட்டமா தேய்ப்பாங்க. மூக்குல முந்தானையைச் சுத்திக்குவாங்க, ஃபேன் போட விட மாட்டாங்க. துணிக்குக் கீழ விழறது விபூதி மாதிரி இருக்கும், மேல நிக்கறது மரத்தூள் மாதிரி நாரு நாரா இருக்கும். "மேல நிக்கறது பாத்திரத்துக்கு, கீழ விழுந்தது தலைக்குடி கண்ணு"ன்னு சொல்லுவாங்க. மாவு சலிக்கற சல்லடைல சலிச்சா அந்த நாரு எல்லாம் சேந்து இறங்கிடும், அதுதான் சுருட்டை முடில போயி மாட்டிக்கறது. கடைத்தூளா இருந்தாலும் கையோட பின்பக்கத்துல கொஞ்சம் தேச்சுப் பாருங்க, நறநறன்னு இருந்தா துணில சலிச்சுடுங்க.

*சலிச்சும் ஒட்டுது.* அலசற விதம். நின்னுக்கிட்டு ஷவர்ல அலசினா மேல் முடி மட்டும்தான் சுத்தமாகும். குனிஞ்சு முடியை முன்னாடி விட்டு, மக்கால ஊத்தி, விரலை உள்ள விட்டு அலசணும். நீள முடிக்கு 2 பக்கெட் தண்ணியாவது ஆகும்.

*அவ்வளவு தண்ணிக்கு எங்க போறது, எங்களுக்கு லாரித் தண்ணி.* அப்ப தூளை விட்டுட்டு கஷாயத்துக்கு மாறுங்க. சீயக்காய் 8 காய், கொட்டை எடுத்த பூந்திக்கொட்டை 4, வெந்தயம் 1 ஸ்பூன், அரை லிட்டர் தண்ணில ராத்திரி ஊறவச்சு, காலைல சின்னத் தீல பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, ஆறினதும் பிசைஞ்சு, துணில வடிகட்டி எடுத்துக்கங்க. தூளே கிடையாது, ஒரு பக்கெட்ல அலசல் முடிஞ்சுடும். சுருட்டை முடி, அடர்த்தியான முடி இருக்கறவங்களுக்கு நான் தூளே குடுக்கறதில்ல இப்பல்லாம், காயாவே குடுத்து இதைச் சொல்லி அனுப்பறேன். அரப்புக்கு மட்டும் இந்த வழி இல்ல, அதைத் துணில சலிச்சே ஆகணும்.

பாத்ரூம் தண்ணி போகாம நின்னா டிரைன்ல தூளும் முடியும் சேந்து கட்டியாயிருக்கும். ஜாலியைக் கழட்டி கையால எடுத்துட்டு வெந்நீர் ஊத்துங்க, அப்பவும் இறங்கலைன்னா பிளம்பர்தான். இனிமே ஜாலி மேல ஒரு பழைய டீ வடிகட்டியைக் கவுத்து வச்சுட்டுக் குளிங்க.

3. முடி தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு, சிக்கு எடுக்க முடியலை

*வாரத்துல எத்தனை தடவை?* ஷாம்பு மாதிரி தினமும் போட்டா யாருக்கா இருந்தாலும் காஞ்சு போகும். பொம்பளைங்களுக்கு செவ்வா வெள்ளி, ஆம்பளைங்களுக்கு புதன் சனின்னு வச்ச கணக்கு வாரத்துக்கு ரெண்டு தடவைதான், அதுவும் எண்ணெய் வச்சுட்டு. எண்ணெயே வைக்காம வெறும் தலைல சீயக்காய் தேய்க்கறவங்கதான் இந்தக் கம்ப்ளெயிண்டோட வர்றாங்க, ஒரு ஸ்பூனாவது வச்சு அரை மணி நேரம் ஊறுங்க.

*பூந்திக்கொட்டை ஜாஸ்தியா?* நுரை வரணும்னு சிலபேரு சீயக்காய்க்குச் சமமா பூந்திக்கொட்டை போடறாங்க. அது பட்டுப்புடவை, தங்க நகை எல்லாம் அலசற அளவுக்கு அழுக்கெடுக்கற கொட்டைங்க. பத்துல ஒரு பங்குக்கு மேல வேண்டாம்.

*சீயக்காய் "சோப்பு" போடறீங்களா?* பேருல சீயக்காய் இருந்தாலும் கட்டியா இருக்கறது சோப்புதான். உப்புத்தண்ணில சோப்பு திரிஞ்சு வெள்ளையா ஒரு படிவா முடில உக்காந்துக்கும், பக்கெட் ஓரத்துல ஒட்டுதே அதே படிவு. விட்டுட்டு தூளுக்கு வாங்க.

*ஆப்பசோடா, அப்புறம் வினிகர்னு வீடியோ பாத்து போட்டீங்களா?* உடனே நிறுத்துங்க. மண்டைத்தோலோட பிஎச் ஏறக்குறைய 5.5, முடியோடது அதையும் விடக் கம்மி, ஆப்பசோடாவோடது 8க்கு மேல. முடி மேல இருக்கற செதில் எல்லாம் விரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கும். ஏற்கனவே கெட்டுப்போன முடியைத் திருப்பிச் சரி பண்ண முடியாது, வளர்ந்து நுனி வெட்டற வரைக்கும் பொறுத்துதான் ஆகணும், முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும்.

*இது எதுவுமே இல்ல.* அப்ப தண்ணி. சென்னைல இந்தக் கோளாறுல பாதிக்குக் காரணம் போர்த்தண்ணிதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், ஏன்னா இதே தூளை நான் பவானிக்குப் போயி ஆத்துத் தண்ணில தேச்சா முடி பட்டு மாதிரி விழும், இங்க வந்து மூணாவது குளியல்ல சொரசொரன்னு ஆயிடும். செலவில்லாம இப்படிக் கண்டுபிடிங்க: எப்பவும் போல குளிச்சு முடிச்சுட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு மக்கு கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊத்துங்க. தலையோட ஒரு பக்கத்துக்கு மட்டும் ஊத்திப் பாத்தீங்கன்னா வித்தியாசம் கைலயே தெரியும். இன்னொண்ணு, ரெண்டு பாட்டில் எடுத்து ஒண்ணுல குழாத் தண்ணி ஒண்ணுல ஆர்ஓ தண்ணி, ரெண்டுலயும் துணி துவைக்கற பார் சோப்பை சமமா சீவிப் போட்டுக் குலுக்குங்க, குழாத் தண்ணி நுரைக்காம பால் மாதிரி கலங்கினா அது கடினத்தண்ணி, அதாவது கால்சியம் மெக்னீசியம் உப்பு ஜாஸ்தியா இருக்கற தண்ணி.

கடைசி ரெண்டு மக்குல சரியாயிடுச்சுன்னா அதையே தொடர்ந்து பண்ணுங்க, மாசம் ஒரு கேன் கூட ஆகாது. அதோட, 10, 15 செம்பருத்தி இலையைத் தண்ணி விட்டு கசக்கினா வர்ற வழவழப்பை, இல்லன்னா ராத்திரி ஊறவச்ச 2 ஸ்பூன் வெந்தயத்தை அரைச்சு அந்த விழுதை, சீயக்காய்க் கரைசலோட சேத்துக்கங்க, சிக்கு பாதி குறைஞ்சுடும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு அலசறதும் நல்லதுதான், ஆனா அதுக்கப்புறம் நல்ல தண்ணி ஒரு மக்கு ஊத்திடணும்.

கான்கிரீட்டா நம்பர் வேணும்னா தண்ணி டெஸ்ட் குடுங்க. குடிதண்ணிக்கு ஐஎஸ் 10500 தரத்துல மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும்னு போட்டிருக்கு. டிடிஎஸ் மீட்டர் மட்டும் வச்சுப் பாக்காதீங்க, அது கரைஞ்சிருக்கற எல்லா உப்பையும் சேத்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியா காட்டாது. இன்னொரு விஷயம், இதுல நிறைய பேரு காசை விடறாங்க: ஷவர் தலைல மாட்டற ஃபில்டர் குளோரின், மண்ணு இதெல்லாம் ஓரளவு பிடிக்கும், கால்சியம் மெக்னீசியத்தை எடுக்காது. அதை எடுக்கறது உப்பு போட்டு ஓடற வாட்டர் சாஃப்ட்னர்தான். அது பெரிய செலவு, மோட்டார் லைன்ல பிளம்பர் வந்து மாட்டணும், அதனால பிளாட்ல எல்லாரும் சேந்து போடறதுதான் கட்டுப்படியாகும். ஆர்ஓ தண்ணி டெஸ்ட்ல வித்தியாசம் தெரியாம சாஃப்ட்னருக்குப் போகாதீங்க.

4. தலை எரியுது, அரிக்குது

*தேய்க்கும்போதே எரியுதா?* உடனே அலசிடுங்க. அப்புறம் தூளை நாக்கு நுனில இல்ல, மூக்குக்கிட்ட கொண்டு போயிப் பாருங்க. இதை ஏன் சொல்றேன்னா, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மில்லுல அரைச்சு வாங்கிட்டு வந்தேன், வழக்கமா போற இடம் லீவு, வேற இடம் போனேன். சீயக்காய்க்குன்னு தனி மிஷின் இருக்கும், அங்க இருந்த பையன் கூட்டத்துல மிளகாய் ஓட்டின மிஷின்லயே போட்டுக் குடுத்துட்டான், நானும் கவனிக்கலை. முதல்ல தேச்சது எங்க பொண்ணு. ரெண்டு நிமிஷத்துல "அம்மா எரியுது"ன்னு கத்தினா, நெத்தி ஓரம் எல்லாம் செவந்து போச்சு, நான் மோர் ஊத்தி அலசி அலசி அரை மணி நேரம் ஆச்சு அடங்க. டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தா பழுப்புத் தூள்ல அங்கங்க செவப்புப் புள்ளி. ஒன்றரை கிலோவையும் கொட்டிட்டேன். அதுல இருந்து மில்லுல நின்னு, முதல்ல விழற ஒரு கைப்பிடியைத் தனியா வாங்கி ஒதுக்கிட்டுத்தான் மீதியைப் பிடிக்கறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

*தேய்க்கும்போது ஒண்ணும் இல்ல, மறுநாள் அரிக்குது.* தூள் மிச்சம் தங்கியிருக்கும், மேல 2ஆவது தலைப்பைப் பாருங்க. அலசல் சரிதான்னா ஏதோ ஒரு சாமான் ஒத்துக்கலை. எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறும் சீயக்காய் மட்டும் கரைச்சு முழங்கை உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு தடவி கால் மணி நேரம் வச்சுக் கழுவிட்டு 2 நாள் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா தலைக்குப் போடலாம், அடுத்த வாரம் ஒரு சாமானைச் சேத்து இதையே திருப்பிப் பண்ணுங்க. பூலாங்கிழங்கு, காஞ்ச எலுமிச்சைத்தோல், கடைத்தூள்ல வாசனைக்குப் போடற செண்ட், இதுங்கதான் எனக்குத் தெரிஞ்சு அடிக்கடி மாட்டினது.

*எலுமிச்சை தேச்சுட்டு வெயில்ல போனேன், நெத்தி கருத்துடுச்சு.* எலுமிச்சைச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா வெந்துபோன மாதிரி ஆகும், கொப்புளம் கூட வரும். கொப்புளம் இருந்தா தோல் டாக்டர். கருப்பு மட்டும்னா வெயில்ல மூடிக்கிட்டு விடுங்க, மெதுவா மங்கும்.

*தும்மல், மூச்சு இழுப்பு வருதா?* காஞ்ச தூள் பறக்கறதுதான் காரணம். மூக்கைக் கட்டிக்கிட்டு வேற யாரையாவது கரைக்கச் சொல்லுங்க. ஆஸ்துமா இருக்கறவங்க கஷாயம் மட்டும் வச்சுக்கங்க, மில் பக்கமே போக வேண்டாம், சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

*டாக்டர் எப்ப:* முகம், கண்ணு இமை வீங்கினா, மூச்சு விட கஷ்டமா இருந்தா வெயிட் பண்ணவே கூடாது, நேரா ஆஸ்பத்திரி. நீர் வடியுது, சீழ் வைக்குதுன்னாலும் அன்னைக்கே.

5. கண்ணுல பட்டுடுச்சு

இது மட்டும் வரிசை பாக்காம செய்ய வேண்டியது. தேய்க்காதீங்க. லென்ஸ் போட்டிருந்தா கழட்டுங்க. குழாயைத் திறந்து இமையை விரல்ல பிரிச்சுப் பிடிச்சு 15 நிமிஷம் ஓடற தண்ணில கண்ணைக் கழுவுங்க, 15 நிமிஷம்ங்கறது ரொம்ப நேரம், கடிகாரம் பாத்துக் கழுவுங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், ரோஸ்வாட்டர் எதுவும் விடாதீங்க. கழுவி ஒரு மணி நேரம் கழிச்சும் வலி, கூச்சம், மங்கல் இருந்தா அன்னைக்கே கண் டாக்டர். பூந்திக்கொட்டை கலந்ததுன்னா இன்னும் சீக்கிரமா போங்க. சின்னக் குழந்தைகளுக்கு சீயக்காய் போடறதையே நான் ஒத்துக்க மாட்டேன், பாசிப்பயறு மாவை நைசா சலிச்சுக் கரைச்சுப் போட்டா போதும், குழந்தையை அண்ணாந்து பாக்க வச்சு பின்பக்கமா அலசுங்க.

6. வெள்ளை வெள்ளையா உதிருது

முதல்ல அது பொடுகுதானான்னு பாருங்க. ரெண்டு குளியல் தூள் இல்லாம கஷாயம் மட்டும் போடுங்க. நின்னுடுச்சுன்னா அது காஞ்சுபோன தூள், பொடுகு இல்ல.

*நிக்கலை, செதிலை நசுக்கினா எண்ணெய்ப் பசையா மஞ்சளா இருக்கு.* அது பொடுகு. மண்டைல இருக்கற எண்ணெயைத் தின்னு வளர்ற ஒரு பூஞ்சை சம்பந்தப்பட்டது, அதனால பொடுகுக்கு எண்ணெய் வச்சு ராத்திரி முழுக்க ஊறறது நெருப்புல நெய் ஊத்தற கதைதான். எண்ணெயை நிறுத்துங்க. எங்க அம்மா மாதிரி பழைய ஆளுங்களுக்கு இதைச் சொன்னா கோவம் வரும், தலை காயுது அதான் உதிருதுன்னு இன்னும் ஒரு கரண்டி ஊத்துவாங்க, நான் சண்டை போட்டுத்தான் நிறுத்தினேன். வெந்தயம், வேப்பிலை அரைச்சுப் போட்டா அரிப்பு கொஞ்சம் அடங்கும், பொடுகு போகாது.

இந்த இடத்துல இயற்கைதான்னு பிடிவாதம் பிடிக்காதீங்க, நானே பிடிக்கறதில்ல. மெடிக்கல்ல கீட்டோகோனசோல் 2% ஷாம்பு கிடைக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவை, தலைல 5 நிமிஷம் ஊறவிட்டு அலசணும், 4 வாரம். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க. அடங்கினதும் மறுபடி சீயக்காய்க்கு வந்துடலாம், எண்ணெயைக் குளிக்கறதுக்கு அரை மணி முன்னாடி மட்டும் வைங்க.

*டாக்டர் எப்ப:* 4 வாரம் போட்டும் குறையலை, இல்லன்னா செதில் தடிப்பா வெள்ளி மாதிரி நெத்தி ஓரம், காதுக்குப் பின்னாடி, முழங்கை வரைக்கும் இருக்கு. அது சொரியாசிஸா இருக்கலாம், தோல் டாக்டர்தான் பாக்கணும்.

7. சீயக்காய் போட்டதுல இருந்து முடி கொட்டுது

இந்தப் போன் வந்தா நான் உக்காந்துதான் பேசுவேன், ஏன்னா கேக்கறவங்க பயந்து போயிருப்பாங்க.

*எத்தனை நாளுக்கு ஒரு தடவை குளிக்கறீங்க?* ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 முடி வரைக்கும் உதிர்றது சாதாரணம். நீங்க முன்னாடி தினமும் ஷாம்பு போட்டீங்க, தினமும் கொஞ்சம் போச்சு, தெரியலை. இப்ப வாரம் ஒரு தடவை தேய்க்கறீங்க, ஆறு நாள் உதிர்ந்து பின்னல்லயே சிக்கியிருந்தது மொத்தமா கைல வருது. அந்தக் கொத்தைப் பாத்தா யாருக்கும் வயிறு கலங்கும்.

*விழுந்த முடியைப் பாத்தீங்களா?* வெள்ளைத் துணில பத்து முடியைப் போட்டுப் பாருங்க. ஒரு நுனில சின்னதா வெள்ளையா குமிழ் இருந்தா வேரோட வந்தது. குமிழ் இல்லாம குட்டையா துண்டு துண்டா இருந்தா அது உடையுது, அப்ப 3ஆவது தலைப்பு. ஈரத்தலைல சீப்பு போடறது, டவலைச் சுத்தி முறுக்கிக் கட்டறது, இறுக்கமா குதிரைவால் போடறது, இதை நிறுத்தினாலே பாதி உடையறது நிக்கும்.

*வேரோடதான் வருது, கொத்துக் கொத்தா.* காலண்டரை எடுங்க. 2, 3 மாசம் பின்னாடி போங்க. காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், திடீர்னு எடை குறைச்சது, பெரிய துக்கம், ஏதாவது இருக்கும். எங்க சித்தி பொண்ணு பிரசவம் ஆகி நாலாவது மாசம் அழுதுட்டே போன் பண்ணினா, ஷாம்புல இருந்து சீயக்காய், சீயக்காய்ல இருந்து அரப்பு, அரப்புல இருந்து வெங்காயச் சாறுன்னு மூணு வாரத்துல மூணு மாத்தியிருக்கா. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், தலைல போடறதை மாத்தாதே, ஒண்ணை வச்சுக்கோ, போயி ரத்தம் குடு. ஹீமோகுளோபின் 9தான் இருந்துச்சு. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க, குழந்தை முதல் பொறந்தநாளுக்குள்ள நெத்தி ஓரம் எல்லாம் குட்டிக் குட்டியா முளைச்சுடுச்சு.

*டாக்டர் எப்ப:* 6 மாசம் தாண்டியும் நிக்கலைன்னா, வகிடு அகலமாகிட்டே வந்தா, உச்சந்தலைல தோலு தெரிஞ்சா. ஹீமோகுளோபின், உடம்புல இரும்புச்சத்து இருப்பைக் காட்டற ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், இந்த மூணும் பெரும்பாலும் எழுதிக் குடுப்பாங்க. சீயக்காயோ ஷாம்போ எதுவுமே முடியை முளைக்க வைக்காது, ரெண்டும் அழுக்கெடுக்கற சாமான்தான். முடி முளைக்கும்னு சொல்லி ஆயிரக்கணக்குல விக்கற எண்ணெய்க்குக் குடுக்கற காசை இந்த டெஸ்டுக்குக் குடுங்க.

8. தலைல ஈர வாடை

தலை காயாம ஜடை போட்டுக் கட்டினதுதான் காரணம், வேற யோசிக்கவே வேண்டாம். வெயிலோ ஃபேனோ, வேர் காயற வரைக்கும் முடியை விரிச்சு விடுங்க.

*காயவச்சும் வாடை வருதுன்னா* தூளை மோந்து பாருங்க. ஈரக்கையை விட்டு எடுத்திருப்பீங்க, கட்டி கட்டியா இருக்கும், வண்டு கூட இருக்கும். பூசண வாடை வந்தா முழுசா கொட்டிடுங்க, காயவச்சு திருப்பிப் பயன்படுத்தக் கூடாது. நல்லா காஞ்ச டப்பால வச்சா 6 மாசம் தாங்கும். கரைச்சது, கஷாயம், செம்பருத்தி விழுது எல்லாம் அன்னைக்கோட சரி, ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் ரெண்டாம் நாளுக்கு மேல வேண்டாம்.

*முட்டை போட்டீங்களா?* வெந்நீர் ஊத்தினா தலைலயே வெந்துடும். பச்சைத்தண்ணில முட்டையை முழுசா அலசிட்டு அப்புறம்தான் வெதுவெதுப்பான தண்ணியும் சீயக்காயும்.

9. வட்டமா முடி போயிடுச்சு, இல்லன்னா பேன்

இதுக்கு நம்ம டப்பால மருந்து இல்ல. காசு அளவு வழவழன்னு வட்டமா முடி போனா அது புழுவெட்டு, புழு எதுவும் கிடையாது, உடம்போட எதிர்ப்புசக்தி முடி வேரைத் தாக்கறது, சின்ன வெங்காயத்தை வச்சுத் தேச்சு புண்ணாக்கிக்காதீங்க. குழந்தைங்க தலைல வட்டத்துல செதிலும் கருப்புப் புள்ளியும் உடைஞ்ச முடியுமா இருந்தா படர்தாமரை, அதுக்கு உள்ளுக்கு மாத்திரை வேணும், மேல பூசறது பத்தாது, வீட்டுல ஒரே சீப்பு, ஒரே டவல் வச்சுக்காதீங்க. ரெண்டுக்கும் நேரா தோல் டாக்டர்.

பேனுக்கு சீயக்காய் உதவறது ஒரு விதத்துலதான், வழவழப்புல பேன்சீப்பு சுலபமா இறங்கும். அரப்பும் வெந்தய விழுதும் கலந்து தேச்சு, அலசாம ஈரமாவே பேன்சீப்பு போடுங்க, 3 நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு வாரம் விடாம. ஈரு, அதாவது பேன் முட்டை, முடியோட ஒட்டியிருக்கும், கழுவினா போகாது, சீப்புலதான் உருவணும். ரெண்டு வாரத்துல போகலைன்னா பெர்மெத்ரின் 1% லோஷன், மெடிக்கல்ல கேட்டு வாங்கி, ஒட்டியிருக்கற பேப்பரைப் படிச்சுட்டுப் போடுங்க, வீட்டுல பேன் இருக்கற எல்லாருக்கும் ஒரே நாள்ல.

டாக்டர்கிட்ட போகும்போது போட்டுட்டு இருக்கற தூளை ஒரு கவர்ல கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, அதுல என்னென்ன சேத்திருக்குன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கங்க, எண்ணெய் பேரும் சேத்து. ரெண்டு நாள் முன்னாடி இருந்தே தலைல எண்ணெய் வைக்காதீங்க, வழிய வழிய எண்ணெய் வச்சுட்டுப் போனா செதிலும் தெரியாது செவப்பும் தெரியாது.